புறப்பாட்டு வரி

கோமதி கூப்பிட்டாள். அதில் சந்தேகமே இல்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பாள் ஆவுடையம்மாள். பெட்டி வைத்த தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு இடது பக்கமே இழுத்தது. அதை நேராக்கிக்கொண்டிருக்கிறபோது பின்னாலிருந்து அம்மா என்று ஒரு குரல். குரல்கூட இல்லை, குரலுக்கு முந்தின மூச்சு. உலகத்தில் எத்தனையோ அம்மா, ஆனால் இந்த ஜகார்த்தா ஏர்போர்ட் வாசலில், நடுப்பகல் வெயிலில், அம்மா என்று தமிழில் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள். ஆவுடையம்மாள் திரும்பவில்லை. முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். பெட்டியைப் போட்டுவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, இந்த வரிசையில் வந்து நின்ற பிறகும் அந்தக் குரல் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே குளிர் வேறு. மகள் போர்த்திவிட்ட சால்வையை இழுத்து மூடினாள். சால்வையில் பிள்ளையின் பால் வாசம் வந்தது. எதற்குக் கூப்பிட்டாள்?

இது வரி கட்டுகிற வரிசை. மாப்பிள்ளை சிதம்பரம் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே ரெண்டு தரம் சொன்னார். "அத்தை, பெட்டியைப் போட்டதும் நேரா நடங்க, ஒரு கவுண்டர் வரும். ஏர்போர்ட் டாக்ஸ். ரொக்கமாத்தான் கட்டணும். கட்டினா உங்க போர்டிங் பாஸுல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டித் தருவாங்க. அது இருந்தாத்தான் அடுத்த வாசல்ல விடுவாங்க. அது ஒட்டி உள்ள போயாச்சுன்னா அப்புறம் வெளிய வர முடியாது." ஆவுடையம்மாளுக்கு வீட்டு வரி தெரியும், தண்ணி வரி தெரியும், கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி தெரியும். ஒரு ஊரை விட்டுப் போவதற்கு ஒரு வரி என்பது புதுசு. "வந்தப்ப ஒண்ணும் கேக்கலையே மாப்பிள்ளை" என்றாள். "வரும்போது கேக்கமாட்டாங்க அத்தை, போகும்போதுதான்" என்று சொல்லிப் புது நோட்டாக எடுத்து நீட்டினார். இந்த ஊர்க் காசில் ஒரு நோட்டே ஒரு லட்சம். கோவில்பட்டியில் லட்சாதிபதி என்றால் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமாரில் நாலு பேரைச் சொல்லலாம். இங்கே கீரை விற்கிறவள் இடுப்புப் பையில் லட்சம் லட்சமாக வைத்திருக்கிறாள். வந்த முதல் வாரம் அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவும் மகளும் சிரித்தார்கள். "நாப்பதாயிரத்துக்கு வெண்டைக்காய் வாங்கி வதக்கியிருக்கேன், மிச்சம் வைக்காம தின்னு" என்று ஆவுடையம்மாள் சொல்ல, கோமதி நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதம்மா, இங்கேயே பெத்துருவேன்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரித்ததா? அப்படி இருக்காது. நடுவில் ஒரு நாளாவது சிரித்திருப்பாள். பிள்ளைக்குப் பேர் விட்ட அன்று சிரித்தாளே. இல்லை, போட்டோவுக்குச் சிரித்தாள். மாப்பிள்ளை சிரி என்று சொன்னார், சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, ஊருக்குங்களா?" பின்னால் நின்றவர் கேட்டார். நெற்றியில் சந்தனப் பொட்டு, தோளில் ஒரு கனத்த பை, வேர்வை காயாத முகம். "அங்க பெட்டி போடறப்ப உங்க பேரைச் சொன்னாங்க, அட நம்மூருப் பேராச்சேன்னு பாத்தேன். நானுங்க கரூரு. பெட்ஷீட் ஏவாரம்."

"கோவில்பட்டி தம்பி. மக பேறுகாலத்துக்கு வந்தேன்."

"என்ன கொழந்தைங்க?"

"பொம்பளப் பிள்ளை."

"மகாலட்சுமி வந்திருக்குதுன்னு சொல்லுங்க." அவர் எட்டி வரிசையின் முன்பக்கத்தைப் பார்த்தார். "இவன் பண்றதப் பாத்தீங்களாக்கா. கல்யாண வீட்டுல சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு வெளிய வர்ற வழியில மேசையைப் போட்டு மொய் எழுத உக்காந்திருப்பாங்கல்ல, அதேதானுங்க இது. திங்கறவரைக்கும் ஒண்ணுமே சொல்லமாட்டான். வாசல்ல புடிச்சுக்குவான்."

ஆவுடையம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தவுடனே மனசு குத்தியது, அவள் அங்கே கூப்பிட்டுவிட்டு நிற்கிறாள், நான் இங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். நகர நகர வாசல் தூரமாகிறது என்று இப்போதுதான் பட்டது, வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் போவதுதானே கண்ணில் இருக்கும். மெல்லத் திரும்பிப் பார்க்கலாமா. இங்கிருந்து பார்த்தால் தூண்தான் தெரியும், கதவு தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் கழுத்து திரும்பப் பார்த்தது. வேண்டாம். திரும்பாதே.

புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. தப்பிக் கூப்பிட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். ஆவுடையம்மாள் வீட்டில் மட்டும் அது சட்டம். பிள்ளைகளின் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்தார். ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பித் தெரு முக்குவரை போய்விட்டார். மூக்குக் கண்ணாடி மாடத்தில் இருந்தது. இவள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, "ஏங்க, இந்தாங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று இவள் சொல்லவில்லை, சொல்ல நினைத்தாள், அதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். எட்டயபுரம் ரோட்டில் லாரி. மத்தியானத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண்ணாடி மட்டும் உடையாமல் வந்தது. மூத்தவன் நயினாருக்கு அப்போது பதினோரு வயசு, கோமதிக்கு ஆறு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. ஒரு தரம் ஆவுடையம்மாள் குடையை மறந்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறாள், மூத்திரச் சந்து வழியாக ஓடி, சாக்கடை தாண்டி, தெருவின் அந்தக் கோடியில் வந்து முன்னால் நின்றாள் கோமதி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, முட்டியில் சிராய்ப்பு, கையில் குடை. "கூப்பிடலம்மா, நான் உன்னயக் கூப்பிடவே இல்ல" என்றாள். அதைப் பெரிய சமர்த்து என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள் ஆவுடையம்மாள். என்னத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டேன், பிள்ளை முட்டியைப் பேத்துக்கொண்டு வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைதான் இன்றைக்குக் கூப்பிட்டது. வயசு முப்பதைத் தாண்டியும் ஒரு தரம்கூடக் கூப்பிடாதது, கூப்பிட்டுவிட்டது.

ஏன் ஓடி வந்து முன்னால் நிற்கவில்லை? வாசலில் நின்ற போலீஸ்காரன் விடமாட்டான், டிக்கெட் இருக்கிறவர்களுக்குத்தான் உள்ளே வழி. சந்து இல்லாத ஊர். சுற்றி வந்து முன்னால் நிற்பதற்கு இங்கே வழியே கிடையாது, அதனால் கூப்பிட்டிருப்பாள். சரி, வழி இல்லை. ஆனால் கூப்பிடுகிற அளவுக்கு என்ன? ஏதாவது மறந்துவிட்டேனா என்று மனசால் தடவிப் பார்த்தாள். பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கிறது, இப்போதுதான் காட்டினேன். மாத்திரை இருக்கிறது. கண்ணாடி மூக்கில் இருக்கிறது. ஒன்றும் மறக்கவில்லை. ஒன்றும் மறக்கவில்லை என்றால் பொருளுக்காகக் கூப்பிடவில்லை. பொருளுக்காக இல்லை என்றால். அந்த இடத்தில் மனசு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும். இழுக்காமல் முருகனைக் கூப்பிட்டாள். கழுகுமலையானே, என் பிள்ளைக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள். காலையில் எழுந்ததும் அதைத்தான் சொன்னேன், ராத்திரி படுக்கும்போதும் அதைத்தான் சொன்னேன், மூன்று மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னேன். அவளிடம் என்ன கேட்டேன்?

தண்ணீரைக் கேட்டேன். கோமதி குளியலறைக்குள் போனால் பைப்பைத் திறந்துவிட்டுவிட்டு உள்ளேயே இருப்பாள். வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்கும். பிள்ளை இங்கே தொண்டை வற்றக் கத்தும். ஆவுடையம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று, "தண்ணியை வீணாக்காத கோமு" என்பாள். பைப் நிற்கும். கதவு திறக்கும். கண் ரெண்டும் சிவந்திருக்கும். சோப்பு பட்டுவிட்டது என்பாள் மகள். சரி என்பாள் அம்மா. ஒரு நாள் மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கோமதி அப்படியே கேட்டாள்: "அம்மா, எங்கள வளத்தப்ப எப்பவாச்சும், ஏன்தான் பெத்தோம்னு உனக்குத் தோணியிருக்கா?" கையில் சாம்பிராணிக் கரண்டி. புகை கண்ணைக் கரித்தது. "சீ, வாயக் கழுவு. விளக்கு ஏத்துற வீட்ல பேசுற பேச்சா இது" என்று எழுந்து போய், திருநீறு எடுத்து வந்து, மகள் நெற்றியில் அழுத்திப் பூசினாள். "முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே கண்ண மூடு, எல்லாம் சரியாப் போகும்." கோமதி சொன்னாள், சின்னப் பிள்ளை மாதிரி, முருகா, முருகா. அதற்கப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சரியாகிவிட்டது என்று ஆவுடையம்மாள் நினைத்தாள். இல்லை, நினைக்கவில்லை. நினைத்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

நினைத்திருந்தால் சாவியை எதற்கு ஒளித்து வைத்தேன்? பதினாலாவது மாடி வீடு. ஒரு சாயங்காலம் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் கோமதி பால்கனியில் பிள்ளையோடு நிற்கிறாள். நிற்பதில் என்ன, யாரும் நிற்பார்கள்தான். ஆனால் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரமாக நிற்கிறவளின் நிலை அது, பிள்ளையின் துணி நழுவித் தொங்குகிறது, அதைக்கூட எடுத்துப் போர்த்தவில்லை. "காத்தா இருக்கு, உள்ள வா" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே பால்கனியைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டாள். மாப்பிள்ளையிடம், பிள்ளைக்கு வாடைக்காற்று ஆகாது என்றாள். அவரும் ஆமாம் அத்தை என்றார். பாவம், மில்லில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனுஷன், அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார். இப்போது அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அரிசி அள்ளும்போது கோமதி கையில் தட்டுப்படும். அவரிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை என்ன நினைப்பார், சம்பந்தி வீட்டுக்குப் போனில் போய்விட்டால் என்ன ஆகும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். பெண்ணுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

நயினார் போன வாரம் முழுக்கப் போன் பண்ணினான். அவன் மகனுக்குக் கழுகுமலையில் மொட்டை போட்டுக் காது குத்து. "பத்திரிகை அடிச்சாச்சும்மா. நீ இல்லாம பிள்ளைய மணையில உக்கார வச்சா ஊரு என்ன சொல்லும்? ஆவுடையம்மா மக வீட்டோட போயிட்டான்னு சொல்லும். உனக்குச் சம்மதம்னா சொல்லு, நான் ஒண்ணும் சொல்லல." ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான், அப்பாவின் வாய். மாப்பிள்ளை, "விசா இன்னும் இருக்கே அத்தை" என்று இழுத்தார். கோமதிதான் முடித்துவைத்தாள். "போகட்டும். அண்ணன் கூப்பிடுதுல்ல." சொன்ன குரலில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத குரலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கோபப்பட்டிருந்தால் நின்றிருப்பேன். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை என்பதை இத்தனை வயசாகியும் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

தெரியாமல் என்ன. தெரியும். வரிசை இன்னொரு ஆள் நகர்ந்தது, கரூர்க்காரர் "நடங்கக்கா" என்றார், நடந்தாள், நடந்துகொண்டே மனசால் பழைய வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நயினார் பிறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயசு. பிள்ளையைக் கழுவித் துடைத்துப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளையை யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. எப்போது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. மார்பில் வைத்தால் எடுத்து எறியத் தோன்றும், தோன்றினதற்குப் பயந்து இறுக்கிப் பிடிப்பாள், பிள்ளை மூச்சுத் திணறிக் கத்தும். தண்ணீர் இறைக்கிற சாக்கில் கிணற்றடிக்குப் போவாள். உருளைக்கு எண்ணெய் போடாமல் கிறீச் கிறீச் என்று கத்தும், அந்தச் சத்தத்துக்குள் அழுவாள். தொட்டி நிறைந்து வழிந்து வாழைக்குப் போகும். குனிந்து கிணற்றுக்குள் பார்ப்பாள். தண்ணீரில் ஒரு முகம் தெரியும், வாளியைப் போட்டால் உடையும். எத்தனை நாள் என்று தெரியாது, ஒரு நாள் பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது, வலித்தது, வலியோடு வலியாக அது தன் பிள்ளை ஆகிவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகளின் அப்பாவிடம் சொன்னதில்லை. முருகனிடம்கூடச் சொன்னதில்லை, அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள். கோமதி கேட்ட அன்றைக்கு, ஆமா, எனக்கும் தோணியிருக்கு என்று ஒரு வார்த்தை. திருநீறு பூசின கைக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் அவள் கேட்டாள், அது என்னிடம் இருந்தது, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"இபு," என்றது ஒரு குரல். "இபு." முன்னாலிருந்து. இந்த ஊரில் அம்மாவுக்கு அப்படிச் சொல்வார்கள், கோமதிதான் சொல்லிக்கொடுத்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் முக்காடு போட்ட சின்னப் பெண், கோமதியைவிட இளசு, கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய முறை வந்துவிட்டது. ஆவுடையம்மாள் போர்டிங் பாஸை வைத்துவிட்டு, பணத்துக்குக் கைப்பையைத் திறந்தாள். நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த சிவப்பு பர்ஸ். அதில்தான் மாப்பிள்ளை கொடுத்த நோட்டு. கைப்பையில் இல்லை. பக்கவாட்டு ஜிப்பில் இல்லை. மாத்திரை டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள், கைக்குட்டையை வைத்தாள், ஜெபமாலையை வைத்தாள். இல்லை. அப்புறம் கண்ணுக்குள் வந்தது. வாசலில் நின்று பர்ஸைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தேன். மாப்பிள்ளை கையில் இருந்த பிள்ளைக்குப் பூசினேன். கோமதிக்குப் பூச ரெண்டு கையும் வேண்டியிருந்தது, காற்றுக்கு மறைக்க, அப்போது "இதப் பிடி" என்று பர்ஸை அவள் கையிலேயே கொடுத்தேன். பூசிவிட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குத்தான் கூப்பிட்டாள். அம்மாடி என்று இருந்தது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்த மாதிரி, பர்ஸுக்குத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை, பர்ஸுக்குத்தான், என்று கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னாச்சுங்கக்கா?" கரூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "காசா? அட, இதுக்குப் போயி. நான் கட்டிடறேன்." ஆவுடையம்மாள் வாயைத் திறப்பதற்குள் அவர் நோட்டுகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். "ஊர்ல வந்து குடுங்க, இல்லீன்னா உண்டியல்ல போட்டுடுங்க, எனக்கு வந்த மாதிரிதான்." அந்தப் பெண் நோட்டைப் பார்த்தாள், ஆவுடையம்மாளைப் பார்த்தாள், துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்து போர்டிங் பாஸுக்கு மேலே பிடித்தாள். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. கட்டைவிரல் ரொம்பச் சின்னது, நகத்தில் மருதாணி.

ஒட்டிவிட்டால் உள்ளேதான். நாளைக்குக் கோவில்பட்டி. பர்ஸுக்குத்தானே கூப்பிட்டாள். மாப்பிள்ளை கூரியரில் அனுப்புவார், அனுப்பாவிட்டாலும் ஒன்றும் இல்லை. பர்ஸுக்குத்தான். அன்றைக்கு நானும் கண்ணாடிக்குத்தான் கூப்பிட்டேன்.

கண்ணாடிக்கா கூப்பிட்டேன்? முந்தின நாள் ராத்திரி ஒரு பேச்சு தடித்துப்போய், அவர் சாப்பிடாமல் படுத்து, காலையிலும் முகம் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாடத்தில் கண்ணாடியைப் பார்த்ததும் இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை வைத்து ஒரு தரம் திரும்பிப் பார்க்கச் செய்யலாம். "இதுக்கா கூப்பிட்ட?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அவர் இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால், வேறென்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. ஆமா என்று சொன்னதை ஆமா என்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷமாக, கூப்பிட்டதுதான் பாவம் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளின் வாயை எல்லாம் அடைத்து வைத்தேன்.

"வேண்டாம் தம்பி," என்றாள். கையை நீட்டி துண்டுச் சீட்டுக்கும் போர்டிங் பாஸுக்கும் நடுவில் வைத்தாள். அந்தப் பெண் பயந்து கையை எடுத்தாள்.

"ஏனுங்கக்கா, நான் மனசாரத்தானுங்க தர்றேன்."

"தெரியும் தம்பி. நீங்க நல்லா இருக்கணும். எம்மக கூப்பிட்டா."

"எங்கீங்க? போன்லயா?"

"வாசல்ல."

"அப்ப பெட்டி போயிருச்சேக்கா."

"போனாப் போகுது." பெட்டியில் என்ன, நாலு சேலையும் பேரனுக்கு எடுத்த சட்டையும். மாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாத்திரை டப்பாவை அவர்தான் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

வந்த வழியில் எதிராக நடப்பது கஷ்டமாக இருந்தது. எல்லோரும் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு தூரமா நடந்தேன் என்று இருந்தது. மூன்று மாதம் ஒரே கூரைக்குள், ஒரே அடுப்படியில், ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தபோது கேட்காததைக் கேட்கப் போகிறேன். அதுவும் அவள் கூப்பிட்டு அல்ல. அவள் கூப்பிட்டு நான் திரும்பவில்லை. இந்த ஊர்க்காரன் வரி கேட்டு நிறுத்தினான், அதனால்தான் நின்றேன். கேட்காமல் விட்டிருந்தால் போயிருப்பேன், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பேன். இதை மாற்ற முடியாது. இனி என்ன செய்தாலும் இது இப்படித்தான் இருக்கும்.

கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கோமதி விட்டுவிட்டு வந்த இடத்திலேயே, ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். சிவப்பு பர்ஸை ரெண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது.

"ஏம்மா வந்த? திரும்ப உள்ள விடுவாங்களா?"

"மாப்பிள்ளை எங்க?"

"பாப்பா அழுதா. புட்டிப்பால் புகட்டக் காருக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நான் அப்புறம் வாரேன்னுட்டேன்." பர்ஸை நீட்டினாள். "இத விட்டுட்டுப் போயிட்ட."

ஆவுடையம்மாள் வாங்கவில்லை. "இதுக்கா கூப்பிட்ட?"

"ஆமா."

ஆமாதான். அதே ஆமா. அதை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

"பின்னால நின்னு கூப்பிட்டுட்டேன்," என்றாள் கோமதி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வாய்ல வந்துருச்சும்மா. கொஞ்சம் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ." தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து நீட்டினாள்.

தூணைச் சுற்றிச் சிமெண்டுத் திண்டு இருந்தது. ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கோமதி நின்றுகொண்டே இருந்தாள், இப்போது எழுந்துவிடுவாள், இப்போது எழுந்துவிடுவாள் என்று பார்க்கிறவளாக. ஆவுடையம்மாள் இன்னும் ஒரு வாய் குடித்தாள்.

"நீயும் உக்காரு."

உட்கார்ந்தாள்.

"வேற எதுக்குக் கூப்பிட்ட கோமு?"

கார்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. கோமதி பர்ஸின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"நயினார் பொறந்தப்ப," என்றாள் ஆவுடையம்மாள், "ரொம்ப நாளு எனக்கு அவனப் பிடிக்கல. யாராவது வந்து எடுத்துட்டுப் போயிட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு. அன்னைக்கு நீ கேட்டதுக்கு இதத்தான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

ஜிப் நின்றது. கோமதி அம்மாவைப் பார்த்தாள். எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் நேராகப் பார்த்தாள்.

"நீ எங்க போயி அழுவ?"

"கிணத்தடியில. உனக்குப் பைப்பு, எனக்கு உருளைச் சத்தம்."

கோமதியின் முகம் சிரிக்கப்போகிற மாதிரி போய், பாதியில் உடைந்தது. சத்தம் வெளியே வந்தது. மூடிக்கொள்ளத் தண்ணீர் சத்தம் எதுவும் இல்லாமல், போகிறவர் வருகிறவர் திரும்பிப் பார்க்கும்படி வந்தது. ஆவுடையம்மாள் திருநீற்றைத் தேடவில்லை. சால்வையை எடுத்து மகள் தோளைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வண்டிய இங்கன கொண்டாரச் சொல்லு. அவுககிட்டயும் பேசணும். நாளைக்கு டாக்டரப் பாப்போம், நானும் வாரேன்."

"காது குத்து?"

"குத்தட்டும். நயினார்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

உள்ளே ஒலிபெருக்கியில் பேர்கள் கூப்பிட்டார்கள். யார் யாருடைய பேரோ. தன் பேரும் வரும் என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியும். பாட்டிலில் தண்ணீர் இன்னும் பாதி இருந்தது.